வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அடித்த மணி

தலைமை தாங்கி, தள்ளாடும் இந்த மேடையையும் தன் கடை இரும்பால் தாங்கிக்கொண்டிருக்கிற இரும்புக்கடை ஐயா அவர்களே! முழங்கால் வலியோடும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காமல் அமர்ந்திருக்கிற மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு, அரைகுறை வேலையை அப்படியே போட்டுவிட்டு, 'இந்த ஆள் என்னதான் பேசுகிறார், கேட்போம்' என்று வந்திருக்கிற தாய்மார்களே! சீருடையைக்கூட மாற்றாமல் பணிமனையிலிருந்து நேராக வந்திருக்கிற என் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே! என் வலப்பக்கம் அமர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிற, நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

அவ்வளவுதான், முடித்துவிட்டேன். மைக்செட்காரர் முகம் சுருங்குகிறது, தன்னைச் சொல்லவில்லை என்று. பந்தல்காரரும் முறைக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. வணக்கத்தை வளர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று சொல்வதற்காகத்தான் நான் இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். விடியும்போது இந்த ஊரிலிருந்து தலைநகருக்குப் புறப்படுகிற முதல் பேருந்தின் நடத்துநர். சங்க மேடைகளில் முழங்கியிருக்கிறேன், வாயிற்கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன். ஆனாலும் என் வாழ்நாளில் நான் அதிகம் பேசிய பேச்சு ஒரே ஒரு கேள்விதான். "டிக்கெட் எடுத்தாச்சா?" அதைப் பணக்காரரிடமும் கேட்டிருக்கிறேன், பரம ஏழையிடமும் கேட்டிருக்கிறேன். ஏறியவர் எவரானாலும் எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பது என் வேலை, சொல்வது அவர் கடமை. இந்தச் சின்ன நியாயம் என் பேருந்தில் இருக்கிறது. நாட்டை ஓட்டுகிற இடத்தில் இருக்கிறதா? அதுதான் இன்றைய கேள்வி.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு திறந்தார்களே, நினைவிருக்கிறதா? சுகாதார அமைச்சர் வந்தார். சுவரெல்லாம் சுவரொட்டி, சாலையெல்லாம் சாமியானா. புத்தம்புது இயந்திரங்கள் வரிசையாக நின்றன. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உயிரை உடம்போடு ஒட்டவைக்கும் இயந்திரங்கள். ரிப்பன் வெட்டினார் அமைச்சர். நாமும் கைதட்டினோம். தவறில்லை, நல்ல காரியத்துக்குத்தானே தட்டினோம்.

இன்று அந்த அறையைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் மீதும் பிளாஸ்டிக் உறை. உறையின் மீது தூசி. ஏன் என்று கேட்டதற்கு அங்கிருந்த நர்ஸம்மா ஒளிக்காமல் சொன்னார்: "மெஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க. அதுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணிக் குடுக்கிற கருவி கெட்டுப்போச்சு. சுத்தமான தண்ணி இல்லாம இதை ஓட்டினா ஆளுக்கே ஆபத்து." இயந்திரம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. பழுதுபார்க்க ஆள் வரவில்லை. எழுதிப் போட்டார்கள், அப்போதும் வரவில்லை.

அன்றிலிருந்து அந்த நோயாளிகள் எங்கே போகிறார்கள் தெரியுமா? என் பேருந்தில் போகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் வீங்கிய காலோடு படியேறுகிறார்கள். தலைநகர் மருத்துவமனையில் காத்துக்கிடந்து, மாலையில் துவைத்துப் பிழிந்த துணிபோலத் திரும்பி வருகிறார்கள். ஒருவர் டைல்ஸ் போடும் மேஸ்திரி. இந்த ஊரில் பாதி வீடுகளின் தரை அவர் கைவேலை. ஏறும்போதே என்னைக் கிண்டல் செய்வார்: "கண்டக்டரே, உங்க பஸ் குலுக்குற குலுக்கலுக்கு ரத்தம் தானாவே சுத்தமாயிடும் போல." ஒருநாள் அவர் ஏறவில்லை. அடுத்த முறையும் ஏறவில்லை. வீட்டில் போய் விசாரித்தேன். அலைந்து அலைந்து தெம்பு போய்விட்டது, இனி வரமாட்டேன் என்று படுத்துவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார். சில நாளில் மேஸ்திரி போய்விட்டார். பத்து நிமிட நடையில் மருத்துவமனை இருக்கிற ஊரில், பயணம் செய்ய முடியாமல் செத்துப்போனார் ஐயா ஒரு மனிதர்.

இன்னொருவர் என் தங்கை. ஆம், அதோ முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாளே, உங்கள் ஜெராக்ஸ் அக்கா. உங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழை நகல் எடுத்துத் தந்தவள். அவளுக்காகத்தான் நான் பேசுகிறேன் என்று எவராவது சொன்னால், ஆம், அவளுக்காகவும்தான் பேசுகிறேன். கூடப்பிறந்தவள் கண்ணெதிரே கருகிக்கொண்டிருக்கும்போது நான் பொதுநலம் மட்டும் பேசினால் அது நடிப்பு.

இந்தக் கொடுமையை நம் உறுப்பினரிடம் சொன்னோம். அவர் நல்ல மனிதர். எதிரிலேயே வைத்துச் சொல்கிறேன், நல்லவர். உடனே சட்டமன்றத்தில் கேள்வி கொடுத்தார். கேள்வி நேரம் என்று ஒன்று இருக்கிறது, தாய்மார்களே. நாம் அனுப்பிய உறுப்பினர் கேட்பார், நம்மை ஆளும் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதிலில் குறை இருந்தால் அங்கேயே, அப்போதே, துணைக்கேள்வி கேட்கலாம். மக்களாட்சி என்கிற மாபெரும் மாளிகையில் நமக்காகத் திறந்திருக்கும் ஒரே சன்னல் அந்த ஒரு மணி நேரம்.

அந்த நாளில் நாங்கள் சிலர் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தோம். என் தங்கையும் வந்தாள். காவலர் சட்டம் சொன்னார்: பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. சரி என்று கைகட்டி உட்கார்ந்தோம்.

முதல் கேள்வி ஆளுங்கட்சி உறுப்பினருடையது. என்ன கேட்டார்? அமைச்சரின் துறை இவ்வளவு சிறப்பாக நடப்பதன் ரகசியம் என்ன என்று கேட்டார். சிரிக்கிறீர்களா? நாங்கள் சிரிக்கக் கூடாது, சட்டம் அப்படி. அமைச்சர் அடக்கத்தோடு எழுந்து, அடக்கமே இல்லாமல் பதில் சொன்னார். மேசைகள் அதிர்ந்தன. இரண்டாவது கேள்வியும் அதே குடும்பம். கடிகார முள் ஓடிக்கொண்டே இருந்தது. என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் நம் கேள்வி வந்தது. 'அ' பிரிவு: மருத்துவமனையில் உள்ள டயாலிசிஸ் இயந்திரங்கள் நல்ல நிலையில் உள்ளனவா? 'ஆ' பிரிவு: இல்லையெனில் காரணம் என்ன, எப்போது சரிசெய்யப்படும்? அமைச்சர் எழுந்தார். தாளைப் பார்த்தார். வாசித்தார். "அ: ஆம். ஆ: கேள்வி எழவில்லை." உட்கார்ந்துவிட்டார்.

கேட்டீர்களா இந்த அநியாயத்தை? இயந்திரம் நல்ல நிலையில் இருப்பது உண்மைதான். உறைபோட்டு மூடிவைத்த இயந்திரம் எப்படிக் கெடும்? பொய் சொல்லாமலேயே ஓர் ஊரைப் புதைக்கிற வித்தையை எங்கே ஐயா படித்தார்கள்? நாளைக்கு என் பேருந்தில் ஒருவர் ஏறி, "நான் இருக்கையில் நல்ல நிலையில் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே டிக்கெட் என்ற கேள்வி எழவில்லை" என்று சொன்னால் விடுவேனா?

என்ன தம்பி, அங்கே பின்னாலிருந்து? "இறக்கி விடுங்க" என்கிறீர்களா? ஆம், அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிடுவேன்.

இருந்தாலும் கதை முடியவில்லை. துணைக்கேள்வி இருக்கிறதே! நம் உறுப்பினர் எழுந்தார். கையில் கேள்வி தயார், நெஞ்சில் கோபம் தயார். 'தண்ணீர் இருக்கிறதா' என்று ஒரு வார்த்தை கேட்டால் அமைச்சர் அகப்பட்டார். மாடத்தில் நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்.

உறுப்பினர் ஆரம்பித்தார். மாண்புமிகு பேரவைத் தலைவருக்கு வணக்கம். வாய்ப்பளித்த பேரவைத் தலைவரின் பெருந்தன்மைக்கு நன்றி. தன்னை இந்த அவைக்கு அனுப்பிய தலைவருக்கு நன்றி. தலைவரைத் தந்த கட்சிக்கு நன்றி. கட்சியை வளர்த்த முன்னோடிகளுக்கு வீரவணக்கம். பொறுமையோடு பதிலளித்த அமைச்சரின் புன்னகைக்குக்கூட ஒரு நன்றி. கடைசியாகத் தொகுதி மக்களுக்கு, அதாவது நமக்கு, கோடானுகோடி நன்றி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் கேட்க விரும்புவது என்னவென்றால்" என்றார்.

மணி அடித்தது. கேள்வி நேரம் முடிந்தது.

அமைச்சர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். அவை அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கேட்க வந்த கேள்வி அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது. என் தங்கை எழுந்து நின்றுவிட்டாள், காவலர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். பேருந்தில் திரும்பினோம். ஊர் எல்லை வந்தபோது சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "அவரு எல்லாருக்கும் வணக்கம் சொன்னாரு அண்ணா. எனக்குத்தான் நேரம் பத்தல."

தாய்மார்களே, அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. உறுப்பினரின் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். அவர் தலைகுனிந்து, "கண்டக்டர், நன்றி சொல்லாம நேரா கேள்வி கேட்டா திமிரு பிடிச்சவன்னு நினைப்பாங்க. அடுத்த தடவை பேசவே விடமாட்டாங்க" என்றார். அவர் மீது எனக்கு வந்த கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி அவரை அப்படிப் பழக்கிய இடத்தின் மீது ஏறி நிற்கிறது. கேட்கப் போன இடத்தில் கெஞ்சக் கற்றுக்கொடுத்தது யார்? உரிமையை உபகாரமாக்கியது யார்? வேலையைச் சரியாகச் செய்தாயா என்று வேலைக்காரரைக் கேட்பதற்கு முன்னால் அவர் புன்னகையைப் புகழ வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

குற்றம் அங்கே மட்டும் இல்லை. நாமும் நம் மேடைகளை அப்படித்தான் வளர்த்தோம். பெயர் சொல்லாவிட்டால் முறைத்தோம், அடைமொழி குறைந்தால் அடிதடிக்குப் போனோம். நம்மிடம் பழகியதைத்தானே அவர் அங்கே கொண்டுபோனார்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் கேள்வி கொடுத்திருக்கிறார், இந்த முறை தண்ணீரைப் பற்றியே. நாளைய பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. அமைச்சர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். "விரைவில் சரிசெய்யப்படும்" என்பார். விரைவில்! மேஸ்திரி உயிரோடு இருக்கும்போதே மருத்துவமனையில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை ஐயா அது. அந்த வார்த்தையை உடைக்க ஒரே ஒரு துணைக்கேள்வி போதும். அதை உறுப்பினர் கேட்க வேண்டும். மணி அடிப்பதற்குள் கேட்க வேண்டும்.

என் தங்கை நாளை மாடத்தில் இருக்கமாட்டாள். நாளை அவளுடைய டயாலிசிஸ் முறை. உறுப்பினர் ஐயா, நீங்கள் அவையில் எழுந்து நிற்கும் நேரத்தில், அதே நகரத்தில், ஒரு கட்டிலில் ஊசி குத்திய கையை அசைக்காமல் அவள் படுத்திருப்பாள். அவள் கேள்வியை அவளால் கேட்க முடியாது. அதற்காகத்தான் உங்களை அனுப்பினோம்.

எழுந்து வாருங்கள் ஐயா. வெட்கப்படாதீர்கள், எல்லாம் நம் ஆட்கள்தான். மைக்கைப் பிடியுங்கள். இப்போது நான்தான் அமைச்சர். தோற்றம் பொருந்தவில்லை என்கிறீர்களா? தொந்தி இருக்கிறதே, அது போதும். இதோ பதில் சொல்கிறேன்: "நீர்ச் சுத்திகரிப்புக் கருவி விரைவில் சரிசெய்யப்படும்." உட்கார்ந்துவிட்டேன். ம், கேளுங்கள்.

பார்த்தீர்களா மக்களே, "மாண்புமிகு" என்று ஆரம்பிக்கிறார். ஐயா, மணி அடித்துவிட்டது. உட்காருங்கள். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது. மறுபடியும் ஒருமுறை. அங்கே முன்வரிசையைப் பாருங்கள், அவள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நான் சொல்கிறேன்: "விரைவில் சரிசெய்யப்படும்."

"எந்தத் தேதி?"

கேட்டீர்களா? கேட்டுவிட்டார் நம் உறுப்பினர்! இரண்டே சொல். என் பேருந்தின் கதவைச் சாத்துகிற நேரம்கூட ஆகவில்லை. எவருக்கும் அதில் அவமரியாதை இல்லை. இதை நாளை கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் இதையே கேளுங்கள். உட்காரச் சொன்னால், உட்கார்ந்துகொண்டே கேளுங்கள். திமிர் என்று எவராவது சொன்னால், அந்தத் திமிர் எங்கள் ஊருடையது என்று சொல்லுங்கள்.

வேண்டாம், கைதட்டாதீர்கள். நாளை மாடத்தில் கைதட்டக் கூடாது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள். விடியற்காலை முதல் பேருந்து. முன் இருக்கை என் தங்கைக்கும் அவளோடு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும். பின்னால் நாம் எல்லோரும் நெருக்கி உட்காருவோம், மாடம் நிறைய வேண்டும். டிக்கெட்டை மட்டும் எடுத்துவிடுங்கள், நான் கேட்பேன்.

நன்றியுரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அதை இன்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இயந்திரங்களின் மீதிருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவுகிற நாளில், மைக்செட்காரர் முதல் மாண்புமிகு அமைச்சர் வரை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி நன்றி சொல்கிறேன். அதுவரைக்கும் வெறும் வணக்கம் மட்டும்.