பதினான்கு வினாடிக்குத் திருத்தம் கேட்டவர்

மொன்றியல் மாநகரின் பனியில் நனைந்து பணியில் பழுத்த பெருந்தகையே! பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாறி, இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளும் பிந்தாமல் வந்த நேரந்தவறா நெஞ்சரே! உலகத்தின் கண் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் நமது வீடியோ செய்தி முகமையில், அந்தக் கண் உண்மையாகவே எதையாவது பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்த ஏமாளியே! இன்று ஓய்வுபெறும் மூத்த ஆசிரியர் திருவாளர் மரியதாசன் அவர்களே, வணக்கம்!

இனிச் சொல்லப்போவது சபைக்கு. ஆகவே உங்களை உங்கள் முன்னாலேயே ‘அவர்’ என்று சொல்வதைப் பொறுத்தருள்க.

முகமையின் பெருமையை முதலில் சொல்வது மரபு. ஓர் அரசின் நிதியில், அந்த அரசுக்கும் தனக்கும் தொடர்பே கிடையாது என்று பத்து மொழிகளில் அறிவித்துக்கொண்டு நடப்பது நமது முகமை. உலகெங்கும் காட்சிகளை எடுத்து, குரல் எதுவும் சேர்க்காமல் தொலைக்காட்சிகளுக்கு அனுப்புகிறது. நேரலை உண்டு, பழைய காட்சிகளின் களஞ்சியம் உண்டு, கைபேசிக்கென்று நெடுக்காக வெட்டிய துண்டுகளும் உண்டு. ஒவ்வொரு காட்சியோடும் ஒரு குறிப்புத்தாள் போகும். எங்கே, எப்போது, யார் என்று அதில் இருப்பதை நம்பித்தான் எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு செய்தி வாசிப்பார்.

செயின்ட்-மிஷேலில் டெப்பனர் என்ற ஒரு மூலைக்கடைக்கு மேலே உள்ள நமது தமிழ்ப் பிரிவில் அந்தத் தாளை எழுதியவர் மரியதாசன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாய வளாகத்து மாட்டுக் கண்காட்சியைப் படமெடுத்தபோது, பரிசு வாங்கிய மாட்டின் பெயர் தெரியாமல் தாளை அனுப்ப மாட்டேன் என்று ஒரு மணிநேரம் தொலைபேசியோடு நின்றவர் அவர். மாட்டின் பெயர் ஜோசஃபின். உலகத்தில் எந்தத் தொலைக்காட்சியும் அந்தக் காட்சியை வாங்கவில்லை. ஆனாலும் பெயர் சரியாக இருந்தது.

இத்தகையவரைப் பிரியாவிடை மடலில் குற்றமற்றவர் என்று எழுதுவதுதானே முறை? எழுதினோம். போன வாரம் தனுஷா அவர் மேசைக்கே போய் வாசித்தும் காட்டினார்.

“‘குற்றமறியாக் குணக்குன்றே’ எண்டு போட்டிருக்கிறம் அண்ணை. நல்லா இருக்கே?”

“அத எடுங்க பிள்ள. குற்றம் ஒண்டு இரிக்கி. அத எழுதுங்க.”

ஆகவே எழுதுகிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதம். இலங்கைப் போரில் காணாமற்போனோரின் உறவினர்கள் நகரின் நடுவில் பனியில் நின்றார்கள். நமது கமராக்காரர் ஜெராட்டுக்கு அன்று காய்ச்சல் என்பதால், மரியதாசன் தாமே கமராவைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய ஊரான மட்டக்களப்பைச் சேர்ந்த இலட்சுமிப்பிள்ளை என்ற தாய், மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பதினான்கு வினாடிகள் அழுதார். “பேர சரியா எழுது மனே” என்று மட்டும் சொன்னார். மரியதாசனும் சரியாகவே எழுதினார். தாயின் பெயர், மகனின் பெயர், இடம், நாள், எல்லாம்.

எழுதியதை அனுப்பும் படிவத்தில்தான் வந்தது வினை. காட்சியின் உணர்ச்சி என்னவென்று ஒரு பெட்டியில் தெரிவுசெய்யாவிட்டால் படிவம் நகராது. அந்தப் பட்டியலில் வீரம் இருந்தது, வழிபாடு இருந்தது, மூன்று விதமான மகிழ்ச்சி இருந்தது. துயரம் மட்டும் இல்லை. நம் புரவலர் அரசின் கண்ணோட்டத்தில் உலகம் அப்படித்தான் இருக்கிறது போலும். கண்ணீர் என்ற சொல் வந்த ஒரே தெரிவு ‘ஆனந்தக் கண்ணீர்’. அனுப்பும் நேரம் முடியப் பத்து நிமிடமே கிடந்தது. கீழே விளக்கமாக எழுதியிருக்கிறோமே, வாசிப்பார்கள்தானே என்று நினைத்து மரியதாசன் அதை அமத்தினார்.

நமது தலைமையகத்தில் யாரோ எதையோ வாசிப்பார்கள் என்று இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் நம்பியது அந்த ஒருமுறைதான்.

அதே வாரம் அந்தப் புரவலர் அரசு இலங்கையின் கிழக்குக் கரையில் சில வீடுகளைக் கட்டிக் கொடுத்திருந்தது. திறப்புவிழாவுக்கு அமைச்சர்கள் வந்தார்கள், ரிப்பன் வந்தது. அழுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. களஞ்சியத்தில் தேடினார்கள். தமிழ்த் தாய், ஆனந்தக் கண்ணீர், பதினான்கு வினாடி. மகனின் படம் தெரியாதபடி ஓரத்தை வெட்டினார்கள். முகம் மட்டும் நாற்பது நாடுகளுக்குப் போனது.

மூன்றாம் நாள் இலட்சுமிப்பிள்ளை தொலைபேசி எடுத்தார்.

“மனே, ஊரில இரிந்து தங்கச்சி கேக்காள், வீடு கிடைச்சதாமே எண்டு. எனக்கு ஆரு வீடு தந்த? என்ட மகன்ட படத்த எங்க வெட்டிப் போட்ட?”

அன்று தொடங்கினார் மரியதாசன். தவறான காட்சிக்கு வாடிக்கையாளர் எல்லோருக்கும் திருத்த அறிவித்தல் அனுப்புவது நம் தொழிலின் விதி. மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை தலைமையகத்துக்கு ஒரு கோரிக்கை, மொத்தம் நூற்றியேழு. வந்த மறுமொழி ஒன்றே: “காட்சியில் கண்ணீர் உண்டு. குறிப்பிலும் கண்ணீர் உண்டு. முரண்பாடு காணப்படவில்லை.” வழியில் கண்டபோதெல்லாம் அந்தத் தாய் கேட்பார், “வந்திட்டா மனே?” “இன்னும் இல்ல அக்கா” என்பார் இவர். சென்ற நவம்பரில் அவர் கேட்பது நின்றுவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாளும் மரியதாசன் படிவத்தைத் திறந்ததை நாங்கள் பார்த்தோம்.

இப்போது சபை அறிய வேண்டியது எங்களைப் பற்றி. காட்சியை ஏற்றியவர்தான் திருத்தம் கேட்கலாம். அவர் ஓய்வுபெற்றால், இன்னோர் ஆசிரியர் தன் பெயரை அந்தப் படிவத்தில் போட வேண்டும். யாரும் போடாவிட்டால் கோரிக்கை தானாக மூடிக்கொள்ளும். இன்று மாலை ஐந்து மணிக்கு அவருடைய கணக்கு மூடப்படுகிறது. காலையில் அவர் ஒவ்வொருவரிடமாக வந்தார்.

முதலில் பிரிவுத் தலைவர் கிருபானந்தனிடம்.

“அண்ணை, எனக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு. தலைமையகத்தோட கொழுவ ஏலாது. பேந்து பாப்பம்.”

“பேந்தெண்டா எப்ப, கிருபா? அஞ்சு மணிக்குப் பூட்டுறாங்க.”

கிருபானந்தன் கேக்குக்குச் சொல்லியாகிவிட்டதா என்று விசாரிக்கப் போனார். ஜெராட் கமராவைத் துடைக்கத் தொடங்கினார்; அது ஏற்கெனவே துடைத்த கமரா. தனுஷா அழுதார்.

“நான் இப்பதான் நிரந்தரமானனான் அண்ணை. கோவிக்காதேங்கோ.”

“விளங்குது பிள்ள. நானும் அண்டைக்குப் பத்து நிமிசத்துக்குப் பயந்துதான அமத்தின.”

பிறகு கேட்டார்: “அப்ப திருத்தத்த மடல்லயாவது எழுதுங்க. அது தலைமையகத்துக்குப் போகாதுதான?”

“போகாது அண்ணை. அது உங்கட வீட்டுச் சுவருக்கு.”

“போதாது. ஆனா எழுதுங்க.”

எனவே, கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் இந்த மடலில், எந்த வாடிக்கையாளருக்கும் போய்ச் சேராத திருத்த அறிவித்தல் வருமாறு:

காட்சியில் அழுபவர் இலட்சுமிப்பிள்ளை. இடம் மொன்றியல். அவருக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. வெட்டப்பட்ட ஓரத்தில் இருப்பது அவருடைய மகன் சிவானந்தம், வயது பத்தொன்பது. அது துயரம். தவறுக்கு வருந்துகிறோம்.

பெருந்தகையே! மடலின் முடிவில் நீடுவாழ்க என்று வாழ்த்துவது ஊர்வழக்கம். நாங்கள் வழக்கத்துக்காக வாழ்த்தவில்லை. அந்தத் தாயும் இல்லை. களஞ்சியத்திலோ அவர் இன்னும் மகிழ்ந்துகொண்டிருக்கிறார், நாளையும் மகிழ்வார். அது அப்படியல்ல என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்ததோடு சரி. கேட்பவரிடம் வாய் திறந்து சொல்லக்கூடியவர் இனி நீங்கள் ஒருவரே. ஆதலால் ஐயா, குளிருக்கு நன்றாக மூடிக்கொள்ளுங்கள், மருந்தை நேரத்துக்கு எடுங்கள், படியில் பனி கிடந்தால் இறங்காதீர்கள். நூறாண்டு இருங்கள். எங்களுக்கு வேறு வழியில்லை.

படிவத்தில் வைக்காத கையெழுத்தை இங்கே வைக்கும்,

கிருபானந்தன்
தனுஷா
ஜெராட்
மற்றும் தமிழ்ப் பிரிவுப் பணியாளர்கள், மொன்றியல்