மன்னிப்புப் பாய்

— நாளைக்கு ஜட்ஜ் கேட்டா "ஆமா, நான்தான் கல்லெறிஞ்சேன்"னு இயோவானே சொல்லப் போறான். அதுக்கு எதுக்கு மகளே வக்கீலு?

— துவாலா ஐயா, உள்ள இருக்கறது உங்க தங்கச்சி மகன். அவனுக்குன்னு அரசாங்கம் என்னை வச்சிருக்கு. கொலைக் கேஸுல சும்மா தலையாட்ட விடமாட்டேன்.

— அசேனாதி, நீ தலைநகரம் அபியாவுல சட்டம் பேசுறவ. நான் குடும்பத் தலைவன். எங்க வீட்டு விஷயம் முடிஞ்சு போச்சு.

— சட்டத்துக்கு முடியலையே. குற்றம்னா ரெண்டு வேணும் ஐயா. செஞ்ச கை, செய்யணும்னு நெனச்ச மனசு. ரெண்டும் இருந்தா கொலை. கொல்ற எண்ணம் இல்லாம கை மட்டும் பட்டிருந்தா அது வேற, தண்டனையும் குறைவு. கையே படலேன்னா குற்றமே இல்லை.

— எங்க வழக்கத்துல ஒண்ணே போதும். விழுந்த பொணம். கல்லடி பட்ட பாவுலோ செத்தான்னு கேட்டதும், விடியறதுக்கு முன்னாடி அவன் வீட்டு முன்னாடி போய் மண்டி போட்டேன். தலைமேல பாயைப் போர்த்திக்கிட்டேன். அப்படியே வெட்டிப் போட்டிருந்தாக்கூட ஏன்னு கேக்க நாதியில்லை. வெயில் ஏறுச்சு, எறும்பு கடிச்சுது, அசையலை. கடைசில அவன் அம்மா மெலே வந்து பாயை எடுத்து வச்சுக்கிட்டா. மன்னிச்சாச்சு. கூட உக்காந்து கோகோவும் குடிச்சாச்சு.

— "தப்பு செய்யாத வீடு எதுக்கு மண்டி போடணும்?"னு போலீஸ் கேக்குது. நீங்க குடும்பத்துக்காகக் குனிஞ்சீங்க. அந்தப் பய எறிஞ்சான்னு அதுல எங்க இருக்கு?

— அவனே ஒத்துக்கிட்டானே!

— எந்தக் கையால எறிஞ்சேன்னு கேட்டா முழிக்கறான். கல்லு பெருசா சின்னதான்னு கேட்டா "மாமாவைக் கேளுங்க"ங்கறான். வாலிபால் மைதானத்துல சண்டை நடந்தப்போ அவன் எங்கே இருந்தான்?

— ஒரே கூட்டம், தூசி. யாரு கண்டா? இங்க பாரு, அப்பன் இல்லாத பய. என் நிலத்துக் கிழங்கைத் தின்னு வளந்தவன். குடும்பத்துக்கு ஒண்ணுன்னா நிக்க வேண்டியதுதான். மன்னிப்பு கேட்ட வீடுன்னு ஜட்ஜும் வருஷத்தைக் குறைப்பாரு.

— நிக்கறதுன்னா உங்க மகன் ஃபிலிப்போ வந்து நிக்கட்டுமே.

— அவனை ஏன் இழுக்கற? நியூசிலாந்துல ரக்பி ஆடக் கூப்பிட்டிருக்காங்க. ஊரே அவனை நம்பிக் கிடக்கு.

— நேத்து மெலே அம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

— யாரைக் கேட்டுப் போன?

— பாயை எடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு உங்ககிட்ட ஒண்ணு கேட்டாங்களாமே. "எந்தப் புள்ளைக்காக வந்திருக்கீங்க?"ன்னு.

— துக்கத்துல இருக்கறவ. என்னத்தையாவது உளறுவா.

— ஃபிலிப்போக்காகன்னு சொன்னீங்களாம். சொல்லிட்டு விக்கி விக்கி அழுதீங்களாம்.

— பாய்க்கு அடியில பொய் சொன்னா வீடு விளங்குமா மகளே? மேல கடவுள் பாத்துக்கிட்டு இருக்கார்.

— போலீஸ்கிட்ட பொய் சொன்னா மட்டும் விளங்குமா? பொண்ணு மாதிரி கேக்கறேன், உங்களுக்கு மனசு உறுத்தலையா? தங்கச்சி மூஞ்சில எப்படி முழிக்கறீங்க?

— கத்தாத. மெலே கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்னாளா?

— இல்லை. பாயை வாங்கினப்புறம் கோர்ட்டுல அந்தப் பேச்சை எடுக்கறது பாவம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

— அதுக்குத்தான் மகளே, வீட்டுல இருக்கறதுலயே நல்ல பாயாப் பாத்து எடுத்துட்டுப் போனேன்.