நாலு செங்கல்

— மெதுவா பானுக்கா, கால் இடிக்குது. தலைமாட்டைக் கொஞ்சம் சாய்ங்க.

— சாய்ச்சிட்டுத்தான் இருக்கேன் செண்பகம். இது கட்டிலா, கோட்டைக் கதவா? உன் வீட்டுக்காரரு இதை வாங்கனப்ப நாலு ஆம்பளைங்க தூக்கியாந்தாங்க. இப்ப ரெண்டு பொம்பளைங்க தூக்கறோம். அதுல ஒருத்திக்கு முட்டி வலி.

— இன்னும் கொஞ்சந்தான். உங்க வீட்டு வாசப்படி தாண்டிட்டா தீந்துச்சி.

— எங்க வீட்டுல இப்ப நான் நிக்கவே எடமில்ல. உன் ரேடியோ, உன் குடம், உன் ஸ்டீல் சாமான், பரண்ல உன் துணி மூட்டை, இப்ப கட்டிலு. ‘இன்னா பானு, செண்பகம் நம்ம வீட்டுக்கு மருமவளா வர்றாளா, சீரெல்லாம் முன்னாடியே வந்துட்டுதே’ன்னு எங்க மாமியா கேக்கறாங்க.

— சிரிப்பு காட்டாதீங்கக்கா, கை நழுவுது!

— எறக்கு, எறக்கு. யா அல்லா! சரி, போய்ச் சேந்துச்சி. வா, உன் வீட்டுக்குப் போயி இன்னும் எதனா கண்ணுல படுதான்னு பாக்கலாம்.

— பாருங்க, வீடே வெறிச்சுன்னு ஆயிடுச்சி.

— நல்ல நாயம் இது. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவாங்க, எதிர்வீட்டு ஃபேனைக் கொண்டாந்து மாட்டுவாங்க. கிளப்புலேர்ந்து தையல் மிஷின் குடுக்க வீடு பாக்க வர்றாங்கன்னா, இருக்கறதையும் தூக்கி வெளிய போடணும்.

— வேற இன்னா பண்றது? போன வருஷம் பின்தெரு அமிர்தவள்ளிக்கு இன்னா ஆச்சின்னு தெரியுமில்ல? எல்லாம் சரியாத்தான் இருந்துச்சி, மூலையில ஒரு டிரான்சிஸ்டரு. ‘பாட்டு கேக்க வசதி இருக்கு, மிஷின் வாங்க வசதி இல்லியா’ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. எனக்கும் அப்படி ஆச்சின்னா?

— ஆவாது. சும்மா பேஜார் பண்ணிக்காதே.

— உங்களுக்கு இன்னாக்கா. ஜூன்ல ஸ்கூல் தொறக்குது, யூனிஃபார்ம் துணி மூட்டையா வந்து கெடக்குது. அப்துல் சமத் பாய் வாடகை மிஷினைத் திருப்பி எடுத்துட்டாரு, மருமவனுக்குக் கடை வெக்கறாராம். மிஷின் இல்லன்னா துணியைத் திருப்பிக் குடுக்கணும். ஒரு தடவை திருப்பிக் குடுத்தா அடுத்த வருஷம் எவ நம்மள நம்பி வருவா? அப்புறம் எம்பொண்ணு படிப்பை நிறுத்திட்டு தோல் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். நல்லாப் படிக்கற புள்ளக்கா. இப்பக்கூட அணைக்கட்டு ஊருல இருக்கற அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போனவ, கையில புஸ்தகத்தோடதான் பஸ் ஏறனா.

— அரே, அழுவறியா?

— மிஷினுக்கு அழுவல. அவரு போனஸ் வாங்கின அன்னிக்கே வாங்கியாந்த கட்டிலு அது. அவரு போனப்பகூட அதை அப்படியே வெச்சிருந்தேன். இன்னிக்கு என் கையாலயே வெளிய தூக்கிட்டேனே.

— செண்பகம் வீடு இதுதானாம்மா?

— அய்யய்யோ, வந்துட்டாங்க! வாங்கம்மா, உள்ள வாங்க.

— நான் ஜெயசீலி. ஸ்கூல் டீச்சர். எங்க வீட்டுக்காரர் ஜெபராஜ்தான் கிளப் செக்ரட்டரி. இன்னிக்குச் சாயந்திரம் மீட்டிங்ல மிஷின் யாருக்குன்னு முடிவு பண்றாங்க. வீட்டைப் பாத்துட்டுப் போய் நான்தான் சொல்லணும்.

— நாலு மணிக்குன்னு சொல்லி அனுப்பினீங்களேம்மா…

— நாலு மணின்னு சொன்னா எல்லா வீடும் நாலு மணிக்கு ரொம்ப நல்லா இருக்கு. அதான் மூணு மணிக்கே வந்தேன். பக்கத்துல இவங்க யாரு?

— நான் அக்தர் பானு, டீச்சரம்மா. பக்கத்து வீடு. செண்பகம் பாவம் டீச்சரம்மா, ரொம்ப பாவம். பாருங்க, வீட்டுல ஒரு சாமான் கெடையாது. உக்காரக்கூட எதுவும் கெடையாது.

— பாக்கறேன், பாக்கறேன். பாய் ஒண்ணு இருக்குல்ல? அது போதும். செண்பகம், இந்த நாலு செங்கல் எதுக்கும்மா?

— அது… அது வந்து…

— அடுப்பு கட்டறதுக்கு டீச்சரம்மா!

— அடுப்பா? மூலைக்கு ஒரு செங்கல், நடுவுல ஒரு ஆள் நீட்டிப் படுக்கற எடம். இதுல அடுப்பு மூட்டினா ஆம்பூருக்கே பிரியாணி ஆக்கலாம் போலிருக்கே பானும்மா.

— ஹி ஹி. பெரிய மனசு டீச்சரம்மா இவளுக்கு.

— மனசு பெருசுதான். அது எங்கேர்ந்து பாட்டு கேக்குது?

— எங்க வீட்டு ரேடியோதான். எங்க மாமியாவுக்குப் பாட்டுன்னா உசுரு.

— ரெண்டு பாட்டு கேக்குதே. ஒண்ணு தமிழ், சிலோன் ஸ்டேஷன். இன்னொண்ணு உருது.

— மாமியாவுக்கு ரெண்டு காது இருக்குதில்ல டீச்சரம்மா? ஒரு காதுக்குத் தமிழு, ஒரு காதுக்கு உருது.

— பானுக்கா, நீங்க போயி அம்மாவுக்கு ஒரு டீ கொண்டாங்களேன். போங்கக்கா, சீக்கிரம் போங்க.

— போறேன், போறேன். அப்படியே மாமியாவோட ஒரு காதை மூடிட்டு வர்றேன்.

— நல்ல சிநேகிதி செண்பகம் உனக்கு.

— அவங்க இல்லன்னா நான் இல்லீங்கம்மா. வீட்டுக்காரரு தவறினப்ப மூணு மாசம் அவங்க அடுப்புலதான் எங்க சோறு வெந்துச்சி.

— உனக்குத் தையல் எவ்வளவு நாளாத் தெரியும்?

— கல்யாணத்துக்கு முந்தியே கத்துக்கிட்டேம்மா. பாவாடை, ஜாக்கெட்டு, யூனிஃபார்ம் எல்லாம் தைப்பேன்.

— சரி. கத்தரிக்கோல் எங்க?

— கத்தரிக்கோலா…

— நூல்கண்டு? டேப்பு? ஒரு ஊசி? பாரும்மா, ஒரு ஒட்டுத்துணிகூட கண்ணுல படலியே. வீட்டை நல்லாத்தான் கூட்டியிருக்கே.

— டீ வந்துச்சி, டீ! சூடா குடிங்க டீச்சரம்மா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்.

— ஆகா, அருமையா இருக்கு பானும்மா. டம்ளர் அதைவிட நல்லா இருக்கு. இன்னாமோ பேர் வெட்டியிருக்கே, படிக்கட்டுமா?

— வேணாம் டீச்சரம்மா, ஆறிடும்!

— ‘த. செண்பகம்.’ ‘த’ன்னா யாரும்மா?

— எங்கப்பா பேருங்கம்மா. சீர் குடுத்தப்ப வெட்டனது.

— உங்கப்பா உனக்குக் குடுத்த டம்ளர் பானும்மா வீட்டுல இன்னா பண்ணுது?

— நான்தான் இரவல் வாங்கனேன் டீச்சரம்மா! எங்க வீட்டுல விருந்தாளிங்க ஜாஸ்தி.

— தன் வீட்டுல ஒரு சொட்டு தண்ணி குடிக்க டம்ளர் இல்ல, ஊருக்கு இரவல் குடுக்கறா. நல்ல தாராளக் கை! சரி, விளையாட்டு போதும். செண்பகம், இப்படி உக்காரு. நான் பாத்ததை அப்படியே போய்ச் சொன்னா மிஷின் உனக்குக் கெடைக்காதும்மா.

— அம்மா! ஒளிச்சி வெச்சது தப்புதான், அதுக்காக…

— ஒளிச்சதுக்கு இல்ல. நீ இவ்வளவு ஏழையா இருக்கறதுக்கு.

— க்யா! ஏழைக்குக் குடுக்கத்தானே கிளப்பு?

— கேளுங்க பானும்மா. போன தீபாவளிக்கு ஒரு அம்மாவுக்கு மேடையில மாலை போட்டு, போட்டோ புடிச்சி, மிஷின் குடுத்தோம். பொங்கலுக்கு அந்த மிஷின் வேலூர் லாங் பஜார்ல விலைக்கு நின்னுச்சி. எங்க கிளப் பேரை பெயின்ட்ல எழுதியிருந்தோம், அதைக்கூட சுரண்டல. எங்க பிரசிடென்ட் இஷ்தியாக் அகமது சாயபு கடைக்குப் போன எடத்துல கண்ணால பாத்துட்டாரு.

— தோபா தோபா.

— அதுலேர்ந்து மீட்டிங்னா அரை மணி கட்லெட்டு, ஒரு மணி சண்டை. கடைசியில சாயபுதான் ‘சோத்துக்கே இல்லாதவகிட்ட மிஷினைக் குடுத்தா அவ மிஷினைத்தான் தின்பா. பாவம், வேற இன்னா பண்ணுவா? வெச்சிருந்து பொழைக்கறவளாப் பாத்துக் குடுங்க’ன்னு மேசையைத் தட்டிட்டாரு. இப்ப அதுதான் ரூல்.

— அப்ப ரேடியோ இருக்கலாமா டீச்சரம்மா?

— இருக்கலாம்.

— கட்டிலு?

— இருந்தா நல்லது.

— என் முட்டி போச்சே! ஏ செண்பகம், கேட்டியா? பைத்தியக்காரி மாதிரி தூக்கனோமே!

— கேட்டேங்கக்கா. அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. ஒரு வருஷம் ரேடியோ இருக்கக் கூடாதுன்றீங்க. ஒரு வருஷம் இருக்கணும்ன்றீங்க. நாங்க எப்படித்தான் இருக்கறது? தைச்சி சம்பாரிச்ச காசுலதான் அந்த ரேடியோவை வாங்கனேன். அதை வாங்கன அன்னிக்கு எனக்கும் எம்பொண்ணுக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இன்னிக்கு திருட்டுச் சாமானைப் பதுக்கற மாதிரி அதை முந்தானையில மூடி எடுத்துட்டுப் போனேன். எனக்கு வெக்கமா இருந்துச்சிம்மா. இருக்கறதைச் சொல்லவும் பயம், இல்லாததைச் சொல்லவும் பயம்.

— செண்பகம், நான்…

— துணி இருக்குதும்மா! ஒரு ஸ்கூலுக்கு உண்டான துணி பானுக்கா வீட்டுப் பரண்ல இருக்குது. கத்தரிக்கோலும் இருக்குது. மிஷின் வந்தா நான் எதுக்கு விக்கறேன்? எம்பொண்ணு படிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

— இதைத்தாம்மா நான் கேக்கணும்னு வந்தேன். ஆனா நான் வாயால சொன்னா போதாது, மீட்டிங்குக்கு முன்னாடி சாயபும் ஒரு எட்டு வந்து பாக்கறேன்னிருக்காரு. அஞ்சு மணிக்கு இங்க நிப்பாரு.

— இங்கியா? இன்னிக்கா?

— இன்னிக்குத்தான். அவர் வர்றப்ப துணி மூட்டை வாசல்லேர்ந்தே தெரியணும். ரேடியோ பாடணும். செங்கல் மேல கட்டில் நிக்கணும். எழுந்திரு.

— டீச்சரம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பெரிய எடத்துப் புள்ள. கிளப்பு, மீட்டிங்கு, கட்லெட்டு. வீட்டுல இருக்கறதை ஒளிச்சி வெச்சிட்டு அடுத்தவங்க முன்னாடி கை கட்டி நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கு எங்க தெரியப்போவுது?

— அப்புறம் பேசலாம் பானும்மா. முதல்ல உங்க வீட்டுக்கு நடங்க, கட்டிலைத் தூக்கணும்.

— நீங்களா தூக்கறீங்க? வேணாம்மா, பட்டுப்புடவை!

— புடவைக்கு ஒண்ணும் ஆகாது. செண்பகம், நீ கால்மாட்டைப் புடி. பானும்மா, நீங்க முட்டியை வெச்சிக்கிட்டு ஓரமா நில்லுங்க. தூக்கு… அப்படியே படுக்கவெச்ச மாதிரி வராது, ஒருக்களிச்சித் திருப்பு. ஒரு காலை முதல்ல வெளிய விடு. ஆங், இப்ப அடுத்த கால். வந்துடுச்சி பாரு.

— அரே! நாங்க அவ்வளவு நேரம் முக்கனோம், நீங்க ஒரே திருப்பா திருப்பிட்டீங்களே. இன்னா டீச்சரம்மா, பழகின கை மாதிரி இருக்குது?

— பழகினதுதான். செங்கல் மேல பாத்து வை செண்பகம். நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப எங்க வீட்டுல தூக்கினது கட்டில் இல்ல, எங்களுக்குக் கட்டில் ஏது? ஒரு பித்தளை அண்டா. எங்கம்மா சவுரியம்மாள் சீரா கொண்டாந்தது, வீட்டுல விலை போற பொருள் அது ஒண்ணுதான். மிஷன் போர்டிங் ஸ்கூல்ல என்னை இலவசமாச் சேக்கலாமான்னு பாக்க வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா வர்றாங்கன்னு சேதி வந்துச்சி. அப்பா கெடையாது. அந்த அண்டாவைப் பாத்தா சேக்க மாட்டாங்கன்னு தெருவே சொல்லுச்சி. அம்மாவும் நானும் கயிறு கட்டி கிணத்துக்குள்ள இறக்கிட்டோம்.

— கிணத்துலயா! யம்மா, எங்களுக்கு இது தோணலியே.

— அவங்க கண்டுபுடிச்சிட்டாங்களாம்மா?

— வீட்டைச் சுத்திப் பாத்தாங்க. தாகமா இருக்குன்னு சொல்லி, அம்மா தடுக்கத் தடுக்க அவங்களே போயி வாளியைக் கிணத்துல விட்டாங்க. ‘டங்’குன்னுச்சி.

— யா அல்லா!

— நான் அம்மா முந்தானைக்குள்ள பூந்துக்கிட்டேன்.

— அப்புறம்?

— தண்ணியை எடுத்து நிதானமாக் குடிச்சாங்க. வாயைத் தொடைச்சிக்கிட்டாங்க. போறப்ப எங்கம்மாகிட்ட வந்து, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னாங்க: ‘சவுரியம்மா, பொண்ணைத் திங்கக்கிழமை ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வா. அண்டாவை இன்னிக்கே வெளிய எடுத்துடு, களிம்பு புடிச்சிடும்.’