விளக்கில் குறை இல்லை

பழைய காரின் முன்விளக்கு மங்கினால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள். அதில் பெரிய பயன் இல்லை. வந்து சேருகிற கரண்ட் எவ்வளவோ அவ்வளவுதான் பல்பு எரியும். பேட்டரியில் கிளம்பும் கரண்ட் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து நூல் மாதிரி ஒரு வயரில் சுற்றி வளைந்து விளக்குக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே களைத்துவிடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் கரண்டைத் திறந்துவிட ஒரு ரிலே வைத்து, துருப்பிடித்த எர்த்தைச் சுரண்டி இறுக்கிவிட்டால் அதே பல்பு வேறு ஆளாக எரியும்.

நீங்கள் விளக்கைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஐயா. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கார் என் அக்கா கணவருடையது. வாடகைக்கு ஓட்டுகிறார். நான் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன். அவர்களுடைய கல்யாணத்தன்று நான் கட்டிய சீரியல் விளக்கு மொத்தமும் ஒரே நேரத்தில் அணைந்துபோனது. அன்று மாமா எனக்கு 'அரைவாட்டு' என்று பேர் வைத்தார். அக்கா பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் அந்தப் பேர் போகவில்லை. டீக்கடையில் நாலு டிரைவர்கள் நடுவில் நின்றுகொண்டு, "என்னடா அரைவாட்டு, இன்னைக்கு எவன் வண்டியை அணைச்சே?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் ஷெட்டுக்கு வந்து, முன்விளக்கு மங்கலாக இருக்கிறது, பார் என்றார். முதலில் சொன்னேனே, அந்த ரிலே வேலையைச் செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் இரண்டு டிரைவர்களை அழைத்து வந்தார். "என் மச்சான் கை பட்டா அமாவாசையும் பௌர்ணமிதான்" என்றார். அவர் வாயில் நான் மச்சான் ஆனது அன்றைக்குத்தான்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார். இன்னும் மங்கல்தான் என்றார். விளக்கின் கண்ணாடி உள்பக்கம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப் போயிருந்தது. கழற்றித் தேய்த்துக் கழுவினேன். வெள்ளி உரிந்த ரிஃப்ளெக்டரை எடுத்துவிட்டுப் புதிது மாட்டினேன். ஷட்டரை இறக்கிவிட்டால் என் ஷெட் பகலிலும் இருட்டு. எதிர்ச் சுவரில், வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று பார்ப்பதற்காக விரல் தடிமனில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருப்பேன். விளக்கைப் போட்டதும் கீழே விழுந்த ஊசியைக்கூடப் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

மாமா டிரைவர் சீட்டில் இருந்தார். "கோடு மேல விழுதா மாமா?" என்று கேட்டேன்.

"எந்தக் கோடு?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இறங்கி முன்பக்கம் வரும்போது, நடுவில் கிடந்த டயரில் தடுக்கினார். "எதிர்ல வர்ற லைட்டெல்லாம் சிலந்தி வலை மாதிரி விரியுதுடா. எல்லாப் பயலும் ஹைபீம்ல வர்றானுங்க" என்று முனகிக்கொண்டே குனிந்து விளக்கைப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் அவருடைய கண்மணி தெரிந்தது. இரண்டிலும் பால். சற்று முன்பு நான் கழுவி எடுத்த அதே பால்.

கண்புரை எனக்குப் புதிதில்லை. என் மாமியாருக்கு இருந்தது. ஆபரேஷன் செய்து மறுநாளே வீட்டுக்கு வந்து, பரணில் இருக்கும் ஒட்டடையைக் காட்டி என் மனைவியைத் திட்டினார். அவ்வளவு சின்ன விஷயம்.

"கண்ணைக் காட்டுங்க மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னது, "பல்பைப் பெருசா போட்டுடலாம் மாமா."

ஏன் என்று கேட்பீர்கள். கண்தான் கோளாறு என்றால் விளக்குக்கு நான் செய்தது ஒன்றுமே இல்லை என்று ஆகும். மறுநாள் டீக்கடையில் நான் மறுபடி அரைவாட்டு. அவர் எங்கேயாவது மோதுவார் என்று தெரியாதா என்றால், தெரியும். ஒரு மரத்திலோ பாலத்துச் சுவரிலோ என்று நினைத்திருந்தேன். வருத்தத்தோடுதான் நினைத்தேன்.

பெரிய பல்பு போட்டேன். வெளிச்சத்தைக் கோட்டுக்கு மேலே தூக்கியும் வைத்தேன், அவருக்குத் தூரம் தெரியட்டும் என்று. சாதாரணமாக நான் செய்கிற வேலை இல்லை அது. எதிரே நிற்கிறவர்கள் முகத்தில் அடிக்கும்.

அதற்குப் பிறகு அக்கா ஒருமுறை ஷெட்டுக்கு வந்தாள். "தம்பி, அவருக்குக் கண்ணுல ஏதாவது இருக்குமாடா? சோத்துல கிடக்குற கல்லுகூடத் தெரிய மாட்டேங்குது. கேட்டா எரிஞ்சு விழறாரு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள். ஆமாம், அந்தச் சமயத்தில் நான் சொன்னால் கேட்டிருப்பார்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான்கா இருக்கு. வண்டி பழசு. விளக்குதான் கோளாறு" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. போகும்போது என் சட்டையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் அக்காவும் வளர்ந்தது ரோட்டோரத்தில். அப்பா தார் ஊற்றுகிறவர். அம்மா சிவப்புத் துணி பிடித்து வண்டிகளை நிறுத்துகிறவள். எத்தனையோ வருஷம் நின்றாள், ஒரு கீறல் விழவில்லை. எப்படி என்று கேட்டால், "வண்டியைப் பாக்கக் கூடாதுடா, ஓட்டுறவன் கண்ணைப் பாக்கணும். அவன் கண்ணு நம்மளப் பாத்துச்சுன்னா நிக்கலாம். பாக்கலைன்னா பள்ளத்துல குதிச்சிடணும்" என்பாள்.

மாமாவின் கார் மோதிய அன்று, மழை தூறிய சாயங்காலம். ரோட்டில் குழி மூடிக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் துணி பிடித்து நின்றது ஒரு பெண். அவளும் அப்படித்தான் பார்த்திருப்பாள். அந்த வேலையில் நிற்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் நான் போட்டுக் கொடுத்த வெளிச்சம் அவள் முகத்தில் அடித்திருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற கண்ணை எப்படிப் பார்ப்பது? தன்னைப் பார்த்துவிட்டார் என்று நினைத்து நின்றிருப்பாள். கூட வேலை செய்தவர்கள், அவள் நகரவே இல்லை என்கிறார்கள். மாமா, "அவ எங்கிருந்து வந்தான்னே தெரியலடா" என்கிறார். இரண்டும் உண்மைதான்.

அன்றிலிருந்து ஷட்டரை நான் இறக்கவில்லை. சாக்பீஸ் கோட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டேன். காய்ந்ததும் அது மறுபடி தெரிகிறது.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வருவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விளக்குதான் கோளாறுன்னு சொல்லிடுடா. நீயே சொன்னதுதானே. அவரு வெளிய வந்துடுவாரு" என்றாள். அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கண்ணைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தெரிந்தே சொல்லாமல் விட்டேன், தெரிந்தே பொய் சொன்னேன், அந்தப் பெண்ணைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விளக்கில் கோளாறு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. மோதிய பிறகும் இடதுபக்க விளக்கு அணையவில்லையாம். அவளைத் தூக்கியதுகூட அந்த வெளிச்சத்தில்தானாம்.