கங்கு நிறத்துல ரெண்டு கல்லு

இல்ல தம்பி, அது வேணாம். எடுத்து உள்ள வச்சிருங்க. அழகுதான், யாரு இல்லேன்னா? திருப்பிப் பாத்தா உள்ளுக்குள்ள நெருப்பு ஓடுற மாதிரி இருக்கு. ஃபயர் ஓப்பல்தானே? பேரு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். ஒரு ஜோடி தோடு வாங்கி, அது என்ன கதிக்கு ஆளாச்சுன்னு கண்ணால பாத்தவ நான். இன்னொரு தடவை அந்தக் கல்லு பக்கமே போக மாட்டேன்.

ஆங், நிறம் ஆரஞ்சுதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா மொதல்ல எனக்கு உறுதி வேணும். ஆவி பட்டாலும், சூடு பட்டாலும், தரையில விழுந்தாலும் கல்லு கல்லாவே இருக்கணும்.

எங்க வீட்டுப் பொண்ணுக்குத்தான். இருபத்தாறு வயசு. எங்களுக்கு சலவைக் கடை தம்பி. ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாம் மூட்டை மூட்டையா வரும். அவ நாள் பூரா ப்ரெஸ் மெஷின் முன்னாடி ஆவிக்குள்ளயே நிக்கிறவ. மாசம் ஒருக்கா கழட்டித் துடைச்சு, பஞ்சுல சுத்தி வைக்கிற நகையெல்லாம் அவளுக்கு ஒத்து வராது. போட்டா போட்டதுதான்.

இது என்ன, ஆம்பரா? போங்க தம்பி, இது மரப்பிசினு. ஊசி பட்டாலே கோடு விழும். பக்கத்துல இருக்கே, அது? கார்னீலியன். உறுதிதான், ஒத்துக்கறேன். ஆனா வெளிச்சம் உள்ள போக மாட்டேங்குதே. செங்கல்லை உடைச்சு வச்ச மாதிரி இருக்கு. அவளுக்குக் கங்கு மாதிரி இருக்கணும். அடுப்புல ஊதினா ஒரு நிறம் வரும் பாருங்க, அது. மொத சம்பளத்துல அந்த ஓப்பலை வாங்கிட்டு வந்து, என் முகத்துக்கு நேரா தலையை இப்படி ஆட்டி ஆட்டிக் காமிச்சா. நான் சிரிச்சுட்டேன்.

எப்படி உடைஞ்சுதா? அறைஞ்சான், உடைஞ்சுது.

அவ புருஷந்தான், வேற யாரு. சட்டையில ஒரு பொத்தான் விட்டுப்போச்சாம். ஒரே அறை. கல்லு ரெண்டாப் பொளந்து, ஒரு சில்லு காதுக்குக் கீழ ஏறிக்கிச்சு. நாந்தான் ஊசியை நெருப்புல காட்டி நோண்டி எடுத்தேன். அவ என் முழங்காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அன்னிக்கே நான் ஏதாவது பண்ணியிருக்கணும். என்ன பண்ணேன் தெரியுமா? கையைக் கழுவிட்டு வந்து அவனுக்கு சோறு போட்டேன்.

உக்காரட்டுமா கொஞ்ச நேரம்? நன்றிப்பா.

இது கோமேதகமா? ம், இது நல்லாருக்கு. உறுதியில வைரத்துக்குப் பத்துன்னா இதுக்கு ஏழு வருமா? அப்ப அந்தக் கடைசிக் கல்லு? ஒம்போதா! மாணிக்கத்தோட ஒண்ணுவிட்ட சொந்தமா? ஆரஞ்சுல சஃபையர் இருக்குன்னே எனக்குத் தெரியாதே, நீலந்தான்னு நெனச்சேன். ஜன்னல் பக்கம் கொண்டு வாங்க. ஐயோ, இதுதான் தம்பி. இதேதான். சுத்தியல்ல அடிச்சா வைரமே போயிடும்ங்கிறீங்களா? சுத்தியல் எடுக்க இனிமே யாரும் இல்ல, விடுங்க.

கொக்கி வேணாம். நாலு கம்பி புடிச்சிருக்கிற மாதிரி வச்சா துணி நூலு மாட்டும். கல்லைச் சுத்தி விளிம்பு கட்டினதுதான் வேணும். தொங்குறதும் வேணாம். காதோட ஒட்டி, பின்னால திருகாணி. ரெடியா இருக்கிற தோட்டுல பதிச்சுக் குடுத்துருங்க, ஒரு மணிக்குள்ள நான் கெளம்பணும். எடை கம்மியா இருக்கட்டும். அவளுக்கு வலது காது தையல் போட்ட காது. பழைய ஓட்டை இல்ல, கிழிஞ்சுபோச்சு. டாக்டரம்மா ஆறு தையல் போட்டு, வருஷம் கழிச்சு கொஞ்சம் மேல தள்ளி வேற ஓட்டை போட்டிருக்காங்க.

அதுவும் அவன்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம். கடைக்கு லீவு, ஆனா ஆஸ்பத்திரி விரிப்பு நிறைய கெடந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தோம். வண்டிக்காரர் மூட்டை எறக்கிட்டு ஏதோ சொன்னாரு, அவ சிரிச்சா. அவ்வளவுதான் தம்பி. சத்தியமா அவ்வளவுதான். வண்டி தெரு தாண்டுற வரைக்கும் அவன் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் கதவைச் சாத்தினான்.

காதுல ஒரு கண்ணாடிக்கல்லு வளையம் போட்டிருந்தா அப்போ. அதுக்குள்ள விரலை விட்டான். விட்டு, மாட்டை இழுத்துட்டுப் போற மாதிரி அவளை மெஷின் கிட்ட இழுத்தான். துணி கிழியிற சத்தந்தான் கேட்டுச்சு. விரிப்புதான் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுத் திரும்பிப் பாக்கறேன், காது ரெண்டாத் தொங்குது. வெள்ளை விரிப்பு மேல சொட்டுச் சொட்டா இல்ல, ஊத்துது. அவன் நிறுத்தலை. முடியைக் கொத்தாப் புடிச்சு, மெஷின் தட்டு மேல அவ முகத்தை அழுத்துறான். தட்டு சூடா இருக்கு. முன்னாடி முடி பொசுங்கிப் புகையுது, அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு. அவ ரெண்டு கையையும் தட்டுல ஊணித் தள்ளுறா. உள்ளங்கை வேகுது, அப்பவும் தள்ளுறா.

என் கையில இஸ்திரிப் பெட்டி. பழைய காலத்து இரும்பு, ஏழு கிலோ. முப்பது வருஷமாத் தூக்குற கை இது, பாருங்க, இந்தத் தோள் மட்டும் எறங்கியிருக்கும். ஓங்கி அடிச்சேன்.

பின் மண்டையில. முடியை விட்டுட்டு அப்படியே முட்டி போட்டான். அவ சரிஞ்சு மூட்டை மேல விழுந்தா.

அப்புறம் இன்னொண்ணு அடிச்சேன்.

இருக்கானாவா? மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். எங்க கடையில போட்ட விரிப்பு மேலயே கெடந்து போயிட்டான்.

பயப்படாதீங்க தம்பி, கல்லைக் கீழ போட்டுறாதீங்க. ஜாமீன்ல இருக்கேன். இன்னிக்கு ரெண்டு மணிக்குத் தீர்ப்பு. இந்தப் பையில மாத்துத் துணி, மூக்குக் கண்ணாடி, பிரஷர் மாத்திரை. எடுத்துட்டு வந்துருங்கன்னு வக்கீலே சொல்லிட்டாரு, நல்ல மனுஷன், மறைச்சுப் பேசத் தெரியாது. அவ கோர்ட்டு வாசல்ல நிப்பா. போலீஸ் வந்தப்போ வெந்த கையைத் தூக்கிக்கிட்டு, நாந்தான் அடிச்சேன், நாந்தான் அடிச்சேன்னு அவ கத்தினா. வாயை மூடுடின்னு ஒரு அதட்டு அதட்டினேன். வாழ்க்கையில அவளை நான் அதட்டினது அது ஒண்ணுதான். உள்ள போறதுக்கு முன்னாடி என் கையால இதை மாட்டி விடணும். எத்தனை வருஷம்னு தெரியாது. நான் வர்ற வரைக்கும் உடையாம இருக்கணும், அதான் உங்களை இந்தப் பாடு படுத்துறேன்.

வக்கீல் சொல்றதும் சரிதான். மொத அடி ஒரு உசுரைக் காப்பாத்த அடிச்சது, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டாவது அடி எதுக்கும்மான்னு கேக்குறாரு. அவன் முட்டி போட்டிருந்தான், கையில ஒண்ணும் இல்ல, அவளும் தள்ளிக் கெடந்தா. எந்திரிச்சிருப்பான்யா, எந்திரிச்சு விட்ட எடத்துலருந்து ஆரம்பிச்சிருப்பான், அவனை எனக்குத் தெரியும்னேன். எவ்வளவு தெரியும்னு எதிர்த்தரப்பு கேட்டாங்க. எல்லாம் சொன்னேன். கோர்ட்டுல ஒண்ணே ஒண்ணுதான் சொல்லாம விட்டது. ரெண்டு அடிக்கும் நடுவுல அவன் ஏதாவது சொன்னானான்னு கேட்டாங்க, இல்லைன்னுட்டேன்.

சொன்னான் தம்பி. முட்டி போட்டு, திரும்பி என்னைப் பாத்து, அம்மான்னான்.

ஆமா, அடிபட்டா யாரும் அம்மான்னுதான் சொல்லுவாங்க. நீங்களும் சொல்லுவீங்க, நானும் சொல்லுவேன். மருமகனா? இல்லப்பா, அப்படியா நெனச்சுக்கிட்டிருந்தீங்க இவ்வளவு நேரம்? அவதான் எம் மருமக. அவன் நான் பெத்தவன். அவன் ஒண்ணும் வலியில கத்தலை. சின்னதுல, குளிச்சு முடிச்சுட்டு உள்ளருந்து துண்டு கேட்டுக் கூப்பிடுவான் பாருங்க, அந்த மாதிரி சாதாரணமாத்தான் கூப்பிட்டான்.

அதுக்கப்புறந்தான் ரெண்டாவது அடி.