கம்பளிக்குள்ளே மஞ்சக்கோடு

பிலோமினா: அசையாமப் பிடி மச்சான். அரக்கு உருகி என் கையில விழுகுது.

இஞ்ஞாசிமுத்து: நான் அசையல. காச்சல் விட்ட கை, அதுவா நடுங்குது.

பிலோமினா: நேத்து எங்க வீட்டுப் பலாப்பழத்த ஒத்தையில முடிச்சப்ப நடுங்கலயே.

இஞ்ஞாசிமுத்து: அது வேற கை.

பிலோமினா: ஆளப் பாரு. இந்த ரெண்டு கத்தித் துண்டுக்கும் நடுவுல எம்புட்டு இடம் விடணும்?

இஞ்ஞாசிமுத்து: ஒரு தலமுடி போற அளவு. அணையில துரை வெளிச்சத்த நெறநெறமாப் பிரிச்சுக் காட்டுற பெட்டி ஒண்ணு வச்சிருக்காக, பித்தளையில. அதுலயும் இப்பிடித்தான், ஒரு கீறல். அது வழியா வெளிச்சம் உள்ள போகும்.

பிலோமினா: தலமுடின்னா... யாரு முடி?

இஞ்ஞாசிமுத்து: உன் முடிதான். ஒண்ணு பிடுங்கி அளந்துக்கவா?

பிலோமினா: கைய எடு. ஆத்தா முத்தத்துலதான் புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருக்காக.

வியாகுலமேரி: அங்கன என்ன, பேச்சுக் கொறஞ்சுபோச்சு?

பிலோமினா: அரக்கு ஒட்டுறோம் ஆத்தா.

வியாகுலமேரி: அதுக்கு ஏன் மூச்சப் பிடிக்கணும்? பேசிக்கிட்டே ஒட்டுங்க. என் காதுக்குக் கேக்கணும்.

இஞ்ஞாசிமுத்து: சரி அத்தை. இது துரை தூக்கிப் போட்ட சுருட்டுப் பெட்டி அத்தை. உள்ள முழுக்க விளக்குக் கரியக் கொழச்சுப் பூசியாச்சு. இந்த முனையில ஒடஞ்ச சவரக்கத்தி ரெண்டு துண்டு. அந்த முனையில மூணு பட்டை வச்ச கண்ணாடி ஒண்ணு.

வியாகுலமேரி: கண்ணாடி எங்கன கெடச்சுச்சு?

இஞ்ஞாசிமுத்து: அதுவும்... துரைதான் குடுத்தாக.

வியாகுலமேரி: அந்தத் துரை ரொம்பத்தான் குடுக்கிறாரு. காச்சலக் குடுத்தாரு, போத்திக்கக் கம்பளி குடுத்தாரு, இப்ப கண்ணாடியுமா.

இஞ்ஞாசிமுத்து: தங்கமான மனுசன் அத்தை.

வியாகுலமேரி: தங்கமான மனுசன் ஒருத்தன் சொல்லித்தான் உங்க மாமனும் பெரியாத்து அணைக்குக் கல்லு சொமக்கப் போனாரு. குளிர்காச்சல்ல அங்கனயே போயிட்டாரு. மூஞ்சியக்கூட நான் பாக்கல. அதான் சொல்லிட்டேன், அந்த மலை ஏறுறவனுக்கு என் பொண்ணு இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை ஓடைப்பட்டி மாப்பிள்ளை பேரச் சொல்லி கோயில்ல மொத ஓலை வாசிப்பாக. மூணு ஞாயிறு வாசிச்சு முடிச்சா கல்யாணம். நீ பெட்டியச் செஞ்சு பாத்துட்டு திங்கக்கிழமை மலை ஏறு.

இஞ்ஞாசிமுத்து: ...சரி அத்தை.

பிலோமினா: சரின்னுட்டியாக்கும். அம்புட்டுத்தானா உன் வீரம்?

இஞ்ஞாசிமுத்து: பையப் பேசு. வேற என்ன சொல்லச் சொல்ற?

பிலோமினா: துரை குடுத்தாகன்னு மட்டும் வாய் கூசாம வருது. கோயில் சரவிளக்குல ஏணி போட்டு ஏறினது யாரு?

இஞ்ஞாசிமுத்து: ஏணியப் பிடிச்சது யாரு?

பிலோமினா: நான் பூ வைக்கத்தான் கோயிலுக்கு வந்தேன்.

இஞ்ஞாசிமுத்து: அம்புட்டுக் கண்ணாடித் தொங்கல்ல ஒண்ணு போனா யாருக்குத் தெரியப்போகுது. வேலை முடியவும் திருப்பி மாட்டிருவோம்.

வியாகுலமேரி: மறுபடி சத்தத்தக் காணம்.

பிலோமினா: கண்ணாடிய மெழுகுல நிப்பாட்டுறோம் ஆத்தா.

*

இஞ்ஞாசிமுத்து: ஒண்ணும் தெரியல. கருப்பா இருக்கு.

பிலோமினா: கண்ணு வச்சுப் பாக்கிற ஓட்டைய நேராப் போட்டா எப்பிடித் தெரியும்? கண்ணாடிக்குள்ள போன வெளிச்சம் மடங்கி வருது. கெணத்துல கம்ப விட்டா ஒடிஞ்ச மாதிரித் தெரியும்ல, அதுதான். சாய்ச்சு இந்தப் பக்கத்துல போடு.

இஞ்ஞாசிமுத்து: அது எனக்குத் தெரியும்.

பிலோமினா: தெரிஞ்சா ஏன் போடல?

இஞ்ஞாசிமுத்து: உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்.

பிலோமினா: பாத்தாச்சுல்ல. கத்தியக் குடு, நான் போடுறேன்... இந்தா. இப்ப அகல்வெளக்குக்கு நேரா வச்சுப் பாரு.

இஞ்ஞாசிமுத்து: இரு... இரு புள்ள.

பிலோமினா: என்ன தெரியுது? வாயத் தொறந்து சொல்லு மச்சான்.

இஞ்ஞாசிமுத்து: புள்ள... நீயே பாரு.

பிலோமினா: ஆத்தாடி. செவப்பு... அப்புறம் மஞ்ச, பச்ச, ஊதா... ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. நம்ம அகல்வெளக்குக்குள்ள இம்புட்டும் இருந்துச்சா? ஆத்தா, இங்கன வந்து பாருங்க.

வியாகுலமேரி: நான் வந்தா புளிய ஆடு திங்கும். சொல்லு, கேட்டுக்கிறேன்.

இஞ்ஞாசிமுத்து: அத்தை, கொஞ்சம் சாராயம் வேணுமே.

வியாகுலமேரி: என்ன வேணும்?

இஞ்ஞாசிமுத்து: குடிக்க இல்ல அத்தை, எரிக்க. எண்ணெய் வெளக்கு எல்லா நெறத்தையும் கலந்து காட்டுது. சாராயம் லேசா நீலமா எரியும். அதுல உப்பப் போட்டா உப்போட கோடு மட்டும் தனியாத் தெரியும். சுண்ணாம்புக்கு வேற கோடு, மயில்துத்தத்துக்கு வேற கோடு.

வியாகுலமேரி: வேதக்கார வீட்டுல வந்து சாராயம் கேக்கிற. முழங்காலுக்குத் தேய்க்க ஒரு குப்பி வச்சிருக்கேன். எடுத்துட்டு வாரேன்.

பிலோமினா: தேய்க்கத்தானா ஆத்தா? குப்பி பாதிதான் இருக்கு.

வியாகுலமேரி: எனக்கு ரெண்டு முழங்கால். வாய அடக்கிட்டுத் தட்ட எடு... ஊத்தியாச்சு. உப்பும் போட்டாச்சு. பாரு.

பிலோமினா: ஒத்தக் கோடு ஆத்தா. நல்ல மஞ்சக்கோடு. மத்த நெறமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

வியாகுலமேரி: உப்பு வெள்ளையாத்தான இருக்கு?

இஞ்ஞாசிமுத்து: தீயில போட்டாத்தான் அதோட நெறம் வெளிய வரும் அத்தை.

வியாகுலமேரி: மனுசனோட நெறமும் தெரியுமா?

பிலோமினா: அதுக்கும் தீயிலதான் போடணும். ஓடைப்பட்டிக்காரகள வரச்சொல்லுங்க ஆத்தா, போட்டுப் பாத்துருவோம்.

வியாகுலமேரி: உன் நாக்குலதான் சூடு போடணும். கொண்டா பெட்டிய, நானும் ஒரு வாட்டி பாக்கிறேன்... அட. ஆமா, இருக்கு. ஆனா பளிச்சுன்னு இல்ல.

இஞ்ஞாசிமுத்து: வெளி வெளிச்சம் படுதுல்ல அத்தை, அதான். கம்பளியத் தலையோட போத்திக்கிட்டுப் பாத்தா நல்லாத் தெரியும்.

வியாகுலமேரி: இந்த வெக்கையிலயா?

இஞ்ஞாசிமுத்து: வேற வழியில்ல அத்தை.

வியாகுலமேரி: ஒருத்தர் போத்திக்கிட்டாப் போதாதா?

இஞ்ஞாசிமுத்து: ஒருத்தர் பெட்டியப் பிடிக்கணும். ஒருத்தர் பாக்கணும்.

வியாகுலமேரி: அப்ப தீயில உப்பு போடுறது?

பிலோமினா: அது நீங்க ஆத்தா.

வியாகுலமேரி: ம்... சரிதான். நான் உப்பு போடுறேன். நீங்க போத்திக்கங்க.

*

வியாகுலமேரி: வெள்ளிக்கிழமையும் ஆச்சு, தீயிலயும் போட்டாச்சு. இன்னைக்கு என்ன தெரியுது?

பிலோமினா: மஞ்சக்கோடு ஆத்தா.

வியாகுலமேரி: சரியாச் சொல்லிட்ட. உப்புதான்.

பிலோமினா: பையப் பேசு மச்சான். நீ பாத்தியா?

இஞ்ஞாசிமுத்து: எங்க பாக்க? உன் தோடு மறைக்குது.

பிலோமினா: தோடா மறைக்குது? பெட்டி அங்கிட்டு இருக்கு. நீ இங்கிட்டுல்ல பாத்துக்கிட்டு இருக்க.

இஞ்ஞாசிமுத்து: இங்கிட்டுத்தான் நல்லாத் தெரியுது.

பிலோமினா: இருட்டுக்குள்ள என்ன தெரியுது உனக்கு.

வியாகுலமேரி: இப்ப என்ன?

இஞ்ஞாசிமுத்து: செவப்பு அத்தை. சுண்ணாம்பு போட்டிருக்கீக.

வியாகுலமேரி: அடேயப்பா. பெரிய பெட்டிதான்.

பிலோமினா: எப்பிடிச் சொன்ன?

இஞ்ஞாசிமுத்து: டப்பா தொறக்கிற சத்தம் கேட்டுச்சு.

பிலோமினா: சிரிக்க வைக்காத... நாளன்னைக்கு ஓலை. நீ இன்னும் ஆத்தாகிட்ட வாயத் தொறக்கல.

இஞ்ஞாசிமுத்து: என்னன்னு சொல்ல? அணை வேலைய விட்டுட்டேன்னா? மலை ஏறுறவனுக்கே இல்லன்னுட்டாக. வேலையில்லாதவனுக்கா குடுப்பாக?

பிலோமினா: முந்தாநாளும் இதத்தான் சொன்ன. நேத்தும் இதத்தான் சொன்ன. கூடலூர்ச் சூளையில வரச்சொல்லியிருக்காகன்னு சொல்லேன்.

இஞ்ஞாசிமுத்து: சுண்ணாம்பு சுடுற வேலை. மலைக்குக் கீழதான், காச்சல் இல்ல. ஆனா பாதிச் சம்பளம். ஓடைப்பட்டிக்காரனுக்குக் கெணறு இருக்கு, தோட்டம் இருக்கு, ரெண்டு சோடி மாடு இருக்கு.

பிலோமினா: மாட்டையா கட்டிக்கப் போறேன்? பாதிச் சம்பளம்னா பாதிக் கஞ்சி குடிப்போம். எனக்கு ஓடைப்பட்டி வேணாம் மச்சான். நெனச்சாலே அழுக வருது.

இஞ்ஞாசிமுத்து: அழுகாத புள்ள. கம்பளிக்குள்ள அழுதா மூச்சு முட்டும்.

பிலோமினா: உனக்கு எல்லாமே வெளையாட்டு.

இஞ்ஞாசிமுத்து: இல்ல. பயமா இருக்கு. உன்னைய விட்டுட்டுப் போகணுமேன்னு இப்ப இருக்கிற பயம் அந்தக் காச்சல்லகூட இல்ல எனக்கு.

வியாகுலமேரி: என்ன, சத்தத்தக் காணம்? புதுசா ஒண்ணு போட்டிருக்கேன். என்ன தெரியுது?

பிலோமினா: பச்ச ஆத்தா. நல்ல பச்ச.

வியாகுலமேரி: எத்தன கோடு?

இஞ்ஞாசிமுத்து: ரெண்டு.

பிலோமினா: மூணு.

இஞ்ஞாசிமுத்து: ரெண்டுன்னும் சொல்லலாம், மூணுன்னும் சொல்லலாம் அத்தை. நடுவுல உள்ளது கொஞ்சம் மங்கல்.

வியாகுலமேரி: ஊதா ஏதும்?

இஞ்ஞாசிமுத்து: இருக்கு அத்தை, ஓரத்துல.

வியாகுலமேரி: அந்த ஓரத்துல மயில் ஒண்ணு நிக்கணுமே. நிக்குதா?

பிலோமினா: ...என்ன ஆத்தா போட்டீக?

வியாகுலமேரி: ஒண்ணும் போடல. தீ அணைஞ்சு வெகு நேரமாச்சு.

இஞ்ஞாசிமுத்து: அது... மொதல்ல பாத்த வெளிச்சம் கண்ணுக்குள்ள கொஞ்ச நேரம் நிக்கும் அத்தை. துரைகூடச் சொல்லுவாக...

வியாகுலமேரி: துரைய விடு. கம்பளிய எடுத்துட்டுப் பெட்டியத் தொறந்து பாரு.

பிலோமினா: கண்ணாடியக் காணமே.

வியாகுலமேரி: புதன்கிழமையே எடுத்துட்டேன். மூணு சாயங்காலமா கரி பூசின வெறும் பெட்டிக்குள்ள மஞ்சக்கோடு, செவப்புக்கோடு, ஓரத்துல ஊதா. நானும் உம் கொட்டிக்கிட்டு, முழங்காலுக்கு வச்ச சாராயத்த எல்லாம் எரிச்சுத் தீத்தேன். ராத்திரி வலி தாங்கல.

பிலோமினா: கண்ணாடி எங்க ஆத்தா?

வியாகுலமேரி: அது தொங்குன எடத்துல தொங்குது. சரவிளக்குக் கண்ணாடிய எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்தன்னைக்கு அதுக்கு நேர் கீழதான் முழந்தாள் போட்டேன். கோயில் வேலை பாக்கிற கோயில்பிள்ளை நல்லகண்ணு, ஒண்ணு கொறையுதுன்னு எண்ணி எண்ணிப் பாத்துட்டு, எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சாமியார்கிட்டச் சொல்லியிருக்காரு.

இஞ்ஞாசிமுத்து: சாமியாருக்கும் தெரிஞ்சுபோச்சா?

வியாகுலமேரி: எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்புட்டுத் தாடிக்குள்ள சிரிச்சாகளா இருமுனாகளான்னு வெளங்கல. ரெண்டு எலியும் வந்து எல்லாத் தொங்கலையும் எறக்கித் தொடைச்சு மாட்டணும்னு சொல்லிட்டாக.

இஞ்ஞாசிமுத்து: தப்புத்தான் அத்தை. நான் திங்கக்கிழமை போயிருறேன்.

வியாகுலமேரி: போகத்தான் வேணும். கூடலூர்ச் சூளைக்கு. பாதிச் சம்பளம், பாதிக் கஞ்சி.

பிலோமினா: ஆத்தா... அதெல்லாம் கேட்டுச்சா?

வியாகுலமேரி: கம்பளி வெளிச்சத்தத்தான் மறைக்கும் ஆத்தா, சத்தத்த மறைக்காது. ஏலே இஞ்ஞாசி, போகாதீகன்னு உங்க மாமன் காலப் பிடிச்சுக் கேட்டேன். அவரு கேக்கல. நீ, நான் கேக்காமயே அணை வேலைய விட்டுட்ட. அத மொத நாளே என்கிட்டச் சொல்லியிருந்தா என் சாராயமாவது மிஞ்சியிருக்கும்.

இஞ்ஞாசிமுத்து: பயம் அத்தை.

வியாகுலமேரி: எனக்கு இருந்ததும் அதுதான்.

பிலோமினா: அப்ப ஞாயித்துக்கிழமை... ஓலை வாசிக்க மாட்டாகளா?

வியாகுலமேரி: வாசிப்பாக. ஓடைப்பட்டிக்கு நேத்தே ஆள் விட்டுச் சொல்லியாச்சு. சாமியார்கிட்டக் கண்ணாடியோட சேத்து இவன் பேரையும் குடுத்துட்டுத்தான் வந்தேன். எந்திரிங்க ரெண்டு பேரும், கம்பளிய மடிச்சுக் குடுங்க. மூணு ஞாயிறு முடியிற வரைக்கும் அது என் பெட்டிக்குள்ள இருக்கட்டும்.