முதலாளியின் நினைவுக் கூட்டத்தில் புல்லாங்குழல் மாறிப்போன விவரம்

அடையாள அட்டையில் என் பெயர் வேறு. தொழிலில் எல்லோரும் என்னை 'வால்யூம்' என்றுதான் அழைப்பார்கள். வயது நாற்பத்து நான்கு. தச்சுப் பட்டறைக்கு மேல்மாடியில் மனைவியோடு குடியிருக்கிறேன். வீட்டின் பின் அறையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்துப் புகாரில் கண்ட இசையமைப்பாளர் என் மனைவியின் தம்பி. விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மைத்துனர் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரியாக எழுதுவார். நான் அதை என் ஒலிப்பதிவு மென்பொருளுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரிக்கும் வயலின், பியானோ என்று சத்தம் கொடுத்து முடித்துத் தருவேன். இரண்டுக்கும் நடுவே போய்வருவது மிடி கோப்பு. அந்தக் கோப்பில் சத்தம் கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம், எந்தச் சேனல் என்ற விவரம் மட்டுமே இருக்கும். அதில் பத்தாவது சேனல் தாள வாத்தியங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் வரும் ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு தட்டு வாத்தியமாக ஒலிக்கும். இதை அதிகாரி மறுபடியும் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

பஸ் கம்பெனி முதலாளி காலமானதும், அவர் மகனான சின்ன முதலாளி வாடகை மண்டபத்தில் நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்தார். காலமானவர் கண்டக்டராக இருந்து முதலாளி ஆனவர். பேச்சுகள் முடிந்து எல்லோரும் எழுந்து நிற்கும்போது ஒலிக்க, சோகமான இசை வேண்டும் என்று சின்ன முதலாளி என் மைத்துனரிடம் சொன்னார். மைத்துனர் ஒன்பது வரிகளில் எழுதிக் கொடுத்ததை நான் முடித்துக் காட்டினேன். சின்ன முதலாளி கேட்டுக் கண் கலங்கிச் சம்மதித்தார்.

அதன் பிறகு, கூட்டத்தன்று நான் மண்டபத்தில் கணினியோடு உட்கார்ந்திருக்க, பேச்சுகள் நடந்துகொண்டிருக்கும்போதே என் மைத்துனர் அவர் வீட்டிலிருந்து போன் செய்தார். "அத்தான், நடுவுல ஒரு புல்லாங்குழல் சேர்த்திருக்கேன். அது வந்தாத்தான் ஜனங்க அழுவாங்க. புது ஃபைல் அனுப்பிட்டேன், மாத்திடுங்க" என்றார். இருப்பதே போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே என் மனைவி போன் செய்து, "அவன் உசிரக் குடுத்து எழுதியிருக்கான். ரெண்டு பட்டனைத் தட்ட உங்களுக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டார். அதன் பிறகு கோப்பை மாற்றினேன்.

முதல் ஒன்பது வரிகளும் நான் வைத்திருந்த வாத்தியங்களிலேயே சரியாக வந்து உட்கார்ந்தன. பத்தாவது வரியின் தலையில் புல்லாங்குழல் என்று எழுதியிருந்ததால், அதற்கு மென்பொருளே சத்தம் கொடுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஹெட்போனில் ஆரம்பத்தை மட்டும் கேட்டேன், நன்றாக இருந்தது. அதற்குள் சின்ன முதலாளி மேடையிலிருந்து கை காட்டிவிட்டார். நடுப்பகுதியை நான் கேட்கவில்லை. என் மைத்துனர் நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு பழைய தாள வரியை நகலெடுத்து, பெயரை மட்டும் புல்லாங்குழல் என்று மாற்றி அதில் எழுதியிருக்கிறார் என்பதும், சேனல் எண் பத்தாகவே இருந்துவிட்டது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

அதன் பிறகு எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். வயலின்கள் முடிந்து, புல்லாங்குழல் அழவேண்டிய இடத்தில் டொம் என்று ஒன்று விழுந்தது. அடுத்து மரக்கட்டையைத் தட்டுவது போலவும், ரம்பம் இழுப்பது போலவும், குரங்கு சிரிப்பது போலவும் வந்தது. மெட்டு திரும்பத் திரும்ப வந்து நிற்கிற சுரத்துக்கு நீளமான விசில் அமைந்துவிட்டது. மெதுவான மெட்டு என்பதால் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. கடைசி வரிசையில் நின்ற வயதான டிரைவர் ஒருவர் விசில் வந்ததும் வண்டி எடுப்பவர் போல வலது காலை அழுத்தினார். பக்கத்தில் நின்றவர்களின் தோள்கள் குலுங்கின. சிறப்பு விருந்தினர் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சின்ன முதலாளி, "எவன்டா அது? எங்கப்பா சாவு உனக்கு விளையாட்டா?" என்று கத்திக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார். வரும் வழியில் ஸ்பீக்கர் ஒயர் அவர் காலில் சிக்கிக் கழன்று, இசை நின்று, ஸ்டாண்ட் சாய்ந்து, அது முதலாளியின் படத்தைத் தள்ள, படம் சிறப்பு விருந்தினரின் பாதத்தில் விழுந்தது. நான் யாரையும் தொடவில்லை. நான் சிரித்ததாகப் புகாரில் இருக்கிறது. அப்போது நான் வாயில் கைக்குட்டையை வைத்திருந்தேன். எதற்காக என்பது நினைவில்லை. அதற்குள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்த என் மைத்துனர் மேடைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நான் எழுதினது இது இல்லைங்க, எல்லாம் அத்தான் பண்ணினது" என்று வருகிற போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முன் வரிசையில் இருந்த முதலாளியின் மனைவி என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி நின்னுபோச்சு?" என்று கேட்டார்.

"தப்பா வந்திருச்சும்மா" என்றேன்.

"இவ்வளவு நேரம் ஆளாளுக்குப் பேசினாங்க. மகான்னாங்க, ஞானின்னாங்க. யாரச் சொல்றாங்கன்னே எனக்குப் புரியல. இதுலதான் அவரு கொஞ்சம் தெரிஞ்சாரு. முழுசாப் போடுங்க" என்றார்.

அதன் பிறகு ஒயரைச் சொருகி முதலிலிருந்து போட்டேன். கடைசி விசில் வரை அந்த அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அழுகையா, சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா சொன்னதால் திரும்பவும் போட்டதைத்தான், வேண்டுமென்றே இரண்டாவது முறையும் அவமதித்ததாகச் சின்ன முதலாளி புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காவல் நிலையத்துக்கு வந்த அந்த அம்மா, மகன் புகாரைத் திரும்பப் பெறுவான் என்றும், அந்த இசையின் நகல் ஒன்றும், அதைச் செய்தவரின் பெயரும் தனக்கு வேண்டும் என்றும் அதிகாரியிடம் சொன்னார். டிரைவர்களும் நகல் கேட்கிறார்கள். அதைக் கேட்ட என் மைத்துனர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "அத்தான், அந்த விசில் நான் யோசிச்சு வச்சதுன்னே எழுதச் சொல்லிடுங்களேன்" என்றார். என் மனைவியும் போனில் அதையே சொன்னார். குடும்ப நலன் கருதி யோசித்துப் பார்த்தேன், மனம் வரவில்லை.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். என் மைத்துனர் எழுதியது புல்லாங்குழல் மட்டுமே என்பது உட்பட எல்லாம் நான் சொன்னபடியே உண்மையாக எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், மனைவி இன்னும் போன் இணைப்பில் இருக்கும் நிலையில், கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)